பைபோலார்: நன்றாக இருக்கும் நாளிலும் டாக்டரிடம் ஏன் போக வேண்டும்? கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தம்பிக்கு பைபோலார், அதாவது மனநிலை அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் போகும் நோய், என்று உறுதியானது 2012-ல். அன்றிலிருந்து முதலில் மாதம் ஒருமுறை, இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மனநல ஓபி பெஞ்சில் அவனோடு உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர்கள், கடலூர் பஸ்ஸில் கூடவே திரும்பியவர்கள், விஷயம் கேள்விப்பட்டு வீடு தேடி வந்தவர்கள் என்னிடம் கேட்டதை எல்லாம் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தின் அளவை யாரும் இங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம், அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். தம்பி இதை முழுக்கப் படித்துவிட்டு, "என் பேரை மட்டும் போடாதக்கா, மத்ததெல்லாம் இருக்கட்டும்" என்றான். அதற்குப் பிறகுதான் வெளியே விடுகிறேன்.

கோபமும் சோகமும் எல்லாருக்கும்தானே வருகிறது? இதை ஏன் நோய் என்கிறார்கள்?

காலையில் சண்டை போட்டு மாலையில் சிரிப்பது பைபோலார் இல்லை. இந்த நோயில் மனநிலை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் நாள்கணக்கில், வாரக்கணக்கில் அங்கேயே நிற்கும். ஏறின பக்கத்துக்கு மேனியா என்று பெயர். குறைந்தது ஒரு வாரமாவது நீடிக்கும். தூக்கம் இரண்டு மூன்று மணி நேரமாகக் குறைந்துவிடும், ஆனால் களைப்பே தெரியாது. பேச்சு நிற்காது. பெரிய பெரிய திட்டங்கள் வரும். கையில் இருக்கும் காசும் போகும், கடன் வாங்கிய காசும் போகும். குறுக்கே பேசினால் எரிந்து விழுவார்கள். சிலருக்குச் சாமி தன்னிடம் நேரில் பேசுவது போலக்கூடக் கேட்கும்.

இறங்கின பக்கம் மனச்சோர்வு. இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலும் மாதக்கணக்கில் இருக்கும். குளிக்க எழுந்து போவதே பெரிய வேலையாகிவிடும். பிடித்த சாப்பாடு பிடிக்காது, பெற்ற பிள்ளையைப் பார்த்தால்கூட ஒன்றும் தோன்றாது.

ஏற்றம் லேசாக, வேலைவெட்டி கெடாத அளவில், நான்கு நாளாவது இருந்தால் அது ஹைப்போமேனியா. முழு மேனியா வந்தவர்களை முதல் வகை என்றும், ஹைப்போமேனியாவும் மனச்சோர்வும் மட்டும் வருகிறவர்களை இரண்டாம் வகை என்றும் பிரிக்கிறார்கள். இரண்டாம் வகையைச் சின்ன நோய் என்று எண்ணிவிடக் கூடாது. அவர்கள் சோர்வில் படுத்துக் கிடக்கும் நாட்கள் மிக அதிகம். ஓபி சீட்டில் 'பி.பி.ஏ.டி.' என்று எழுதியிருந்தாலும் இதே நோய்தான்.

இந்த இரண்டுக்கும் நடுவே அவர் பழைய ஆளாகவே இருப்பார். அதுதான் குடும்பத்தை ஏமாற்றுகிறது. பின்னால் அதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

தாமதமாகத்தான். தம்பிக்கு 21 வயது இருக்கும்போது மூன்று மாதம் வீட்டை விட்டு வெளியே வராமல் படுத்துக் கிடந்தான். காதல் விவகாரம் என்று நினைத்துக்கொண்டோம். ஒரு டாக்டர் மனச்சோர்வுக்கு மட்டும் மாத்திரை எழுதினார். "இதற்கு முன்னால் எப்போதாவது தூங்காமல் ரொம்ப உற்சாகமாக இருந்தானா?" என்று அவரும் கேட்கவில்லை, சொல்ல வேண்டிய விஷயம் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. ஊர் முழுக்க மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. தம்பி எலக்ட்ரீஷியன். ராத்திரி பகல் பார்க்காமல் தெருத் தெருவாகப் போய் வேலை செய்தான். எல்லாரும் பாராட்டினார்கள். அம்மா கண் பட்டுவிட்டது என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். பொங்கல் வந்தது, வேலை குறைந்தது, ஆனால் அவனுக்குத் தூக்கம் திரும்பவில்லை. அம்மா சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தைக் கொண்டுபோய் புதுச்சேரியில் ஒரு கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தான். ஒரே வாரத்தில் மூன்று போன் வாங்கினான். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே, யாரோ பிடித்திருந்த மைக்கை வாங்கி, கடலூர் முழுவதற்கும் தான் கரண்ட் கொடுக்கப்போவதாகப் பேச ஆரம்பித்தான். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. அன்றைக்குத்தான் இது உழைப்பும் இல்லை, திமிரும் இல்லை, நோய் என்று எங்களுக்கு உறைத்தது.

இதிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மனச்சோர்வுக்காக முதல் முறை டாக்டரிடம் போகும்போது, அதற்கு முன்னால் தூக்கமில்லாத உற்சாக நாட்கள் இருந்ததா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். பைபோலார் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால், சிலருக்கு அது மேனியாவில் கொண்டுபோய் விட்டுவிடும்.

செய்வினை, காத்து கருப்பு என்கிறார்களே?

மூளை மனநிலையையும் தூக்கத்தையும் ஒழுங்குபடுத்தும் விதத்தில் உள்ள கோளாறு இது. பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்று. அதாவது, பெரும்பாலான பிள்ளைகளுக்கு வராது. தூக்கக் கேடு, பெரிய அதிர்ச்சி, பிரசவம், போதைப் பொருள் எல்லாம் அதைக் கிளப்பிவிடலாம். வளர்ப்பு சரியில்லை என்று எந்த அம்மாவையும் குற்றம் சொல்லாதீர்கள்.

கோயிலுக்குப் போங்கள், நாங்களும் போகிறோம். மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், அங்கே கட்டிப் போட்டுவிட்டு வராதீர்கள். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது.

எங்கே போவது? நரம்பு டாக்டரா, மனநல டாக்டரா?

மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட். நரம்பு டாக்டர் வேறு. கவுன்சிலிங் கொடுப்பவர் துணைக்கு நல்லவர், ஆனால் மருந்து எழுத அவரால் முடியாது. பைபோலாருக்கு மருந்து இல்லாமல் ஆகாது.

கடலூரில் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அரசு தலைமை மருத்துவமனையில் தொடங்கலாம். சிதம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு அண்ணாமலை நகரில் அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுச்சேரியில் கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் குறிப்பிட்ட நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் வருவார். உங்கள் ஊருக்கு எந்த நாள் என்று அங்கேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம்.

எது பெரிய ஆஸ்பத்திரி என்பதைவிட, எங்கே உங்களால் வருடக்கணக்கில் தொடர்ந்து போக முடியும் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். பண்ருட்டியில் இருந்துகொண்டு சென்னையில் பெரிய டாக்டரைப் பிடித்தார்கள் ஒரு குடும்பம். மூன்றாவது மாதமே போக்குவரத்து கட்டுப்படியாகாமல் நின்றுவிட்டது.

இப்போது நன்றாகத்தான் இருக்கிறான். இன்னும் எதற்கு மாத்திரை? எதற்கு டாக்டர்?

என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். நானும் கேட்டவள்தான், அதனால் பொறுமையாகப் பதில் சொல்கிறேன்.

2014-ல் தம்பி ஒன்றரை வருடமாக நன்றாக இருந்தான். வேலைக்குப் போனான், கடனை அடைத்தான். ஒரு உறவுக்காரர், "இன்னும் இதைத் தின்றால் கிட்னி போய்விடும், நல்லாத்தானே இருக்கே" என்றார். அவன் ஒரே நாளில் நிறுத்தினான், நாங்களும் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் சந்தோஷம்தான் பட்டோம். ஐந்தாவது வாரம் தூக்கம் போனது. ஏழாவது வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், 22 நாள். கான்டிராக்டர் வேறு ஆளை வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த மனச்சோர்வு எட்டு மாதம் விடவில்லை.

முதல் மேனியா வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் மறுபடியும் ஏற்றமோ இறக்கமோ வரும். ஒவ்வொரு முறை வந்து போகும்போதும் வேலை, கல்யாணம், நட்பு என்று ஏதாவது ஒன்றை இழுத்துக்கொண்டு போகும். மாத்திரையின் வேலை வந்த மேனியாவை அடக்குவது மட்டும் இல்லை, அடுத்தது வராமல் காப்பதும் அதே மாத்திரைதான். பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியம் என்ற மருந்தைத் திடீரென்று நிறுத்தினால், ஏற்கெனவே இருந்ததைவிட வேகமாகத் திரும்பி வரும் ஆபத்தும் இருக்கிறது. ஏரிக்கரையைக் கோடையில்தான் பலப்படுத்துவார்கள். தண்ணீர் ஏறின பிறகு மணல் மூட்டைதான் அடுக்க முடியும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை. நல்ல நாளில் போனால்தான் டாக்டருக்கு உங்கள் ஆள் யார் என்று தெரியும். மேனியாவில் வரும்போது மட்டும் பார்க்கிற டாக்டருக்கு, அவன் இயல்பாக எப்படிப் பேசுவான், எவ்வளவு சிரிப்பான் என்று எப்படித் தெரியும்? எங்கள் டாக்டர் ஒருமுறை தம்பி உள்ளே வந்து உட்கார்ந்த இரண்டு நிமிடத்தில், "என்னப்பா, இந்த வாரம் தூக்கம் குறைஞ்சிருக்கா?" என்று கேட்டார். எங்களுக்கே அது தெரிந்திருக்கவில்லை. ஒரு மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார், பத்து நாளில் சரியானது. அந்த முறை ஆஸ்பத்திரியில் சேர்க்கத் தேவைப்படவில்லை.

ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர் பார்க்கிறாரே, அப்போது?

பெரிய ஆஸ்பத்திரிகளில் பயிற்சி டாக்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், தவிர்க்க முடியாது. அதனால் நோட்டு போடுங்கள். எங்கள் வீட்டில் 80 பக்க நோட்டு, இப்போது மூன்றாவது ஓடுகிறது. எந்தத் தேதியில் எந்த மருந்து எவ்வளவு, எது ஒத்துக்கொள்ளவில்லை, ரத்தப் பரிசோதனை முடிவு, எப்போது ஏறியது, எப்போது இறங்கியது, அதற்கு முன்னால் என்ன நடந்தது, எல்லாம் அதில் இருக்கிறது. புதிய டாக்டர் அதைப் புரட்டினால் பத்து வருடமும் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். மருந்து வேலை செய்யவில்லை என்று தோன்றினால் டாக்டரிடமே சொல்லுங்கள். ஒன்று சரியாகப் பொருந்தி வர மாதங்கள் ஆகும். மூன்று மாதத்துக்கு ஒரு டாக்டர் என்று மாற்றினால் எந்த மருந்துக்கும் முழு அவகாசம் கிடைக்காது.

லித்தியம் விஷம் என்கிறார்கள். கொடுக்கலாமா?

லித்தியம் ஒரு உப்பு வகை. ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் 1949-ல் மேனியாவுக்கு இது உதவுவதை எழுதினார். 75 வருடம் தாண்டியும் பைபோலாருக்கு முதல் வரிசை மருந்தாகத்தான் இருக்கிறது. தற்கொலை ஆபத்தைக் குறைப்பதில் இதற்குத் தனி மதிப்பு உண்டு.

ஆனால் குறைந்தால் பயனில்லை, கூடினால் ஆபத்து. நடுவே இருக்கும் இடம் குறுகலானது. அதனால்தான் லித்தியம் லெவல் பார்க்கச் சொல்கிறார்கள். ரத்தத்தில் வழக்கமாக 0.6 முதல் 1.0 வரை வைக்கப் பார்ப்பார்கள். 1.5-ஐத் தாண்டினால் நச்சாக மாறலாம், சிலருக்கு அதற்குக் கீழேயே தொந்தரவு தொடங்கிவிடும். கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். காலையில் போடும் மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போட வேண்டும், இதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். தொடங்கும்போதும் அளவை மாற்றும்போதும் ஒரு வாரத்தில் பார்ப்பார்கள், நிலைபெற்ற பிறகு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கூடவே கிரியேட்டினின் (கிட்னிக்கான பரிசோதனை), தைராய்டு, கால்சியம். எல்லா லேபிலும் லித்தியம் பார்க்க மாட்டார்கள், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிட்னியையும் தைராய்டையும் அது பாதிக்கலாம் என்பது உண்மை. அதற்குத்தான் பரிசோதனை. மாற்றம் தெரிந்தால் அளவைக் குறைப்பார்கள், மருந்தை மாற்றுவார்கள், தைராய்டுக்குத் தனி மாத்திரை கொடுப்பார்கள். அந்த உறவுக்காரர் பாதி உண்மை சொன்னார். மீதிப் பாதி டாக்டரிடம் இருந்தது, நாங்கள்தான் போய்க் கேட்கவில்லை.

நம் ஊர் வெயிலுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்ல வேண்டும். உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் லித்தியம் ரத்தத்தில் ஏறிவிடும். கத்திரி வெயிலில் மொட்டை மாடியில் வேலை செய்பவர், படகில் போகிறவர், முந்திரிக் காட்டில் வேலை பார்ப்பவர் எல்லாரும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். உப்புப் போட்ட மோர் நல்லது. திடீரென்று உப்பைக் குறைக்காதீர்கள். தண்ணீர்கூட இல்லாத விரதம், நீண்ட பாதயாத்திரை என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டு இருங்கள். வாந்தி பேதி வந்தால் அடுத்த மாத்திரைக்கு முன் டாக்டரைக் கேளுங்கள். மெடிக்கல் ஷாப்பில் உடம்பு வலிக்கு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் இரண்டும் லித்தியத்தை ஏற்றிவிடும், சில பிரஷர் மாத்திரைகளும் அப்படித்தான். பல் டாக்டரிடம் போனாலும் "நான் லித்தியம் சாப்பிடுகிறேன்" என்று முதலில் சொல்ல வேண்டும். சாதாரண வலிக்கு, காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும்.

விரல் லேசாக நடுங்குவது, தாகம் எடுப்பது இரண்டும் வழக்கம். ஆனால் கை பெரிதாக உதறினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், குழம்பிப் போனால், வாந்தியும் பேதியும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மறுநாள் ஓபிக்குக் காத்திருக்கக் கூடாது.

மற்ற மாத்திரைகள்?

வால்புரோயேட் மேனியாவை வேகமாகக் கட்டுப்படுத்தும். கல்லீரலையும் ரத்தத் தட்டணுக்களையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், எடை கூடும், சிலருக்கு முடி கொட்டும். லாமோட்ரிஜின் மனச்சோர்வு திரும்ப வராமல் காக்கும். அதை மிக மெதுவாகத்தான் ஏற்றுவார்கள், உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். சில நாள் விட்டுவிட்டால் பழைய அளவில் நீங்களாகத் தொடங்கக் கூடாது. ஓலான்சபின், குவெட்டியபின், ரிஸ்பெரிடோன் போன்றவையும் கொடுப்பார்கள். இவற்றில், குறிப்பாக ஓலான்சபினில், எடையும் சர்க்கரையும் கூடலாம். தம்பி ஒரு வருடத்தில் 11 கிலோ ஏறினான். அவமானமாக இருக்கிறது என்று மாத்திரையை ஒளித்து வைக்க ஆரம்பித்தான். டாக்டரிடம் வெளிப்படையாகச் சொன்னதும் வேறு மாத்திரைக்கு மாற்றினார். பக்க விளைவுக்காக மாத்திரையை விடுவதைவிட, அதைச் சொல்லி மாற்று கேட்பது உங்கள் உரிமை.

கரண்ட் ஷாக் கொடுப்பார்களாமே?

சினிமாவில் காட்டுவது போல இல்லை. மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தான் செய்ய வேண்டும், அது இல்லாமல் செய்வதைச் சட்டமே தடுக்கிறது. சாப்பிடாமல் கொள்ளாமல் சாகக் கிடக்கும் அளவுக்கு மனச்சோர்வு வந்தவர்களை அது காப்பாற்றுகிறது. சிறிது காலம் ஞாபக மறதி இருக்கலாம்.

மறுபடி வரப்போகிறது என்று முன்னாலேயே தெரியுமா?

பெரும்பாலும் தெரியும், ஒவ்வொருவருக்கும் அடையாளம் வேறு. தம்பிக்கு முதலில் போவது தூக்கம். இரண்டு ராத்திரி தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்குக் கீழே போனால் டாக்டருக்கு போன். அடுத்து, பழைய பள்ளிக்கூட நண்பர்களுக்கு எல்லாம் போன் போட ஆரம்பிப்பான். சட்டை கலர் மாறும். இறங்கும்போது வேறு மாதிரி: சவரம் செய்ய மாட்டான், வண்டியைத் துடைக்க மாட்டான், கேட்டால் 'ம்' என்பான். இதை நல்ல நாளில் அவனே உட்கார்ந்து எழுதினான். கடைசி வரியில், "இப்படி நான் இருந்தால் அக்கா சொல்வதைக் கேட்பேன், ஏடிஎம் கார்டை அம்மாவிடம் கொடுப்பேன்" என்று கையெழுத்தும் போட்டிருக்கிறான். அந்தத் தாள் எத்தனையோ சண்டையை மிச்சப்படுத்தியிருக்கிறது.

தனக்கு எப்படி வைத்தியம் செய்ய வேண்டும், செய்யக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் 2017 சட்டத்திலேயே வழி இருக்கிறது.

மாத்திரை சாப்பிட மறுக்கிறார். சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா?

ஒரு பெண்மணி கணவருக்கு ரசத்தில் கலந்து கொடுத்தார். ஒரு நாள் அவர் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு வீட்டுச் சாப்பாட்டையே தொடவில்லை, எட்டு வருடம் சேர்ந்து வாழ்ந்த நம்பிக்கை போனது. அளவும் சரியாகப் போய்ச் சேராது. ஏன் மறுக்கிறார் என்று முதலில் கேளுங்கள். தூக்கக் கலக்கமா, எடையா, தாம்பத்தியத்தில் தொந்தரவா, யாராவது கேலி செய்தார்களா? பெரும்பாலும் தீர்க்கக்கூடிய காரணம்தான் இருக்கும். மேனியா ஏறி, தனக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்ற நிலை வந்தால் வாக்குவாதம் செய்யாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் சட்டப்படி சேர்த்து வைத்தியம் பார்க்க முறை இருக்கிறது, மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள்.

நெய்வேலியில் ஷிப்ட் வேலை, சிப்காட்டில் ஷிப்ட் வேலை. என்ன செய்வது?

தூக்கம் கலைவது மேனியாவைக் கிளப்பும் முக்கியமான காரணங்களில் ஒன்று. முடிந்தால் நைட் ஷிப்ட் வேண்டாம் என்று டாக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுங்கள். நோயின் பெயரை எழுதச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. கல்யாண வீடு, துக்க வீடு, திருவிழா என்று ராத்திரி முழுக்க விழித்திருக்கும் நிகழ்ச்சிகளில் தம்பி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவான். முதலில் உறவுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். இப்போது அவர்களே, "தம்பி நேரமாச்சு, கிளம்பு" என்கிறார்கள்.

குடி?

கடலூரிலிருந்து புதுச்சேரி எல்லை கூப்பிடு தூரம், விலையும் குறைவு. அதனால் நேராகவே சொல்கிறேன். குடி தூக்கத்தைக் கெடுக்கும், மனச்சோர்வை ஆழமாக்கும், மாத்திரை போடுவதை மறக்கடிக்கும். கஞ்சா மேனியாவைக் கிளப்பிவிடும். குடிப்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள், அதற்கும் அதே ஓபியில் வைத்தியம் இருக்கிறது. வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், டாக்டர் மேற்பார்வையில் நிறுத்துங்கள்.

கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

ஆகாது. கல்யாண அலைச்சலும் தூக்கக் கேடுமே மறுபடி கிளப்பிவிடலாம். ஆனால் பைபோலார் உள்ளவர்கள் கல்யாணம் செய்யக் கூடாது என்பதும் பொய். ஒன்றிரண்டு வருடம் நிலையாக இருந்து, மாத்திரையைத் தானாக எடுத்துக்கொள்கிறவர் நல்ல துணையாக இருக்க முடியும். மறைத்துச் செய்யாதீர்கள். மறைத்தால் முதலில் நிற்பது மாத்திரைதான், ஏனென்றால் புது வீட்டில் ஒளித்துச் சாப்பிட முடியாது. தம்பிக்கு இரண்டு இடம் தட்டிப்போனது. மூன்றாவது வீட்டில் பெண்ணே டாக்டரிடம் வந்து, ஒரு மணி நேரம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தாள். திருவந்திபுரத்தில் எளிமையாகச் செய்தோம், பகல் முகூர்த்தம்.

பெண்ணுக்கு பைபோலார் என்றால் இன்னும் கவனம் வேண்டும். கர்ப்பத்தில் வால்புரோயேட் சாப்பிட்டால் சுமார் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை வரலாம், பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியும் படிப்பும் பாதிக்கப்படலாம். அதனால் குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களுக்கு முடிந்தவரை அதைத் தவிர்க்க வேண்டும். ஏற்கெனவே சாப்பிடுகிறார் என்றால் கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே டாக்டரிடம் பேசுங்கள். கர்ப்பம் தெரிந்ததும் பயத்தில் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள், அதே நாளில் டாக்டரைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய சில வாரங்கள்தான் திரும்ப வருவதற்கு மிக ஆபத்தான காலம். அந்த ராத்திரிகளில் குழந்தையை மற்றவர்கள் தூக்கிக்கொண்டு தாயைத் தூங்க விட வேண்டும்.

மழை, புயல் நேரத்தில்?

2015 வெள்ளத்தில் எங்களிடம் மூன்று நாள் மாத்திரைதான் இருந்தது, ஐந்து நாள் வெளியே போக முடியவில்லை. அதற்குப் பிறகு ஐப்பசி பிறக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிக் கூடுதலாக இரண்டு வாரத்துக்கு வாங்கி வைக்கிறோம். மாத்திரையும் நோட்டும் சீட்டின் நகலும் ஒரே ஜிப் கவரில், அலமாரியின் மேல் தட்டில் இருக்கும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்து, தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது அந்தக் கவர்தான் கை கொடுத்தது. அந்த முறையும் தம்பியைக் கம்பம் ஏறக் கூப்பிட்டார்கள். போனான், ஆனால் ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பி வந்து தூங்கினான்.

சாக வேண்டும் என்று பேசுகிறார். சும்மா பயமுறுத்துகிறாரா?

அப்படி நினைக்காதீர்கள், ஒரு முறை சொன்னாலும். இந்த நோயில் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். நேராகக் கேளுங்கள்: "செத்துப் போகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பலருக்குக் கேட்டதே ஆறுதலாக இருக்கும். தனியாக விடாதீர்கள். பூச்சி மருந்து, மொத்த மாத்திரைப் பட்டை இவற்றைக் கைக்கு எட்டாமல் வையுங்கள். லித்தியம் அதிகம் சாப்பிட்டாலே உயிருக்கு ஆபத்து, அதனால் அந்த நாட்களில் மாத்திரை வீட்டில் இன்னொருவர் கையில் இருக்கட்டும். டாக்டரிடமோ அவசரப் பிரிவுக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. போலீஸ் கேஸ் ஆகுமே என்று பயந்து முயற்சி செய்தவரை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம். அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டம் சொல்கிறது.

சான்றிதழ், இன்ஷூரன்ஸ் ஏதாவது கிடைக்குமா?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவர் மதிப்பிட்டால் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். எல்லாருக்கும் அது தேவைப்படாது. இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் உடல் நோய்க்குத் தருவது போல மனநோய்க்கும் தர வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இருக்கிறது. பாலிசி எடுக்கும்போது நோயை மறைக்காதீர்கள்.

அடுத்த ஓபிக்கு என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

நோட்டு, பழைய சீட்டு, மீதி இருக்கும் மாத்திரைப் பட்டைகள், கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு, கேட்க நினைத்த கேள்விகளை எழுதிய ஒரு துண்டுத் தாள். உள்ளே போனால் எல்லாம் மறந்துவிடும். முதல் ஐந்து நிமிடம் அவர் தனியாக டாக்டரிடம் பேசட்டும், நீங்கள் பிறகு போங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்கச் சொல்லியிருந்தால் இட்லியைக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் கொடுத்துவிட்டு, மாத்திரையையும் போட்டுக்கொண்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிடலாம். பெயர் கூப்பிட எப்படியும் பதினொரு மணி ஆகிவிடும்.